கேட்டதற்கு மட்டும்

அந்த அலுவலகத்தில் எனக்கு முதல் நாள். மேல்மாடியில் கழிப்பறை இருக்கிறதா என்று பக்கத்து மேசையில் இருந்தவரிடம் கேட்டேன்.

“ஓம், இருக்கு” என்றார்.

ஏறிப் போனேன். பூட்டியிருந்தது. இறங்கி வந்து சொன்னேன்.

“ஓம், பூட்டித்தான் இருக்கும்.”

“திறப்பு யாரிட்ட இருக்கு அண்ணா?”

“அக்கவுண்ட்ஸ் மிஸ்ஸின்ர லாச்சியில.”

மேசை லாச்சியிலிருந்து திறப்பை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். குழாயில் தண்ணீர் இல்லை. மூன்றாம் முறை இறங்கி வந்து அவர் முன்னால் நின்றபோது, தலையை நிமிர்த்தி அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். முகத்தில் கிண்டல் ஏதும் இல்லை. கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது. அவ்வளவுதான்.

“இங்க எல்லாரும் எந்த பாத்ரூமுக்குப் போறது?” என்று கேட்டேன்.

“பின்பக்கம், கிணத்துக்குப் பக்கத்தில. லைட் சுவிட்ச் வெளியில, வலப்பக்கம். கொண்டி இறுகும், கொஞ்சம் தூக்கிப் போடோணும். பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு தண்ணி குறையும், வாளியில பிடிச்சு வச்சிருக்கு.”

கேள்வி சரியாக அமைந்தால் பதில் முழுதாக வரும். அமையாவிட்டால் கேட்ட அளவுக்கு மட்டும் வரும். அவரோடு வேலை செய்த ஆறு மாதங்களில் அவரைப் பற்றி நான் தெரிந்துகொண்ட முதலாவது விடயம் இது. பிறகு தெரிந்துகொண்ட எல்லாம் இதிலிருந்தே வந்தன.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம் அது. நான்கு பேர் வேலை செய்தோம். முதலாளி பொறியியலாளர், அவரைச் சேர் என்போம். தொலைபேசியையும் கடிதங்களையும் கணக்கையும் பார்க்க அக்கவுண்ட்ஸ் மிஸ். மற்றது அவர். கடைசியாக வந்தவள் நான், கல்கிசையிலிருந்து காலை ரயிலில். கடற்காற்று பட்டு ஊதிப்போன கதவுகள் ஒன்றும் சரியாகச் சாத்தாது. அதனால் எந்த அறையில் யார் எதைக் கதைத்தாலும் எல்லோருக்கும் கேட்கும். ரயில் போகும்போது மட்டும் எல்லோரும் நிறுத்துவார்கள். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

எங்கள் வேலை புகையைப் பற்றியது. அடுக்குமாடிகளுக்கு அடியில் கட்டும் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு கார் தீப்பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகும், கூரையில் பொருத்தும் விசிறிகள் அதை எத்தனை நிமிடத்தில் வெளியே தள்ளும் என்பதைக் கணினிக்குள் ஓட்டிப் பார்த்து அறிக்கை கொடுப்போம். அதற்கென யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு மென்பொருள் தொகுதி இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் எழுதியது. அதை அவர் பத்து வருடமாகக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தார். தரிப்பிடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, விசிறி ஒவ்வொன்றுக்கும் பெறுமானம் கொடுத்து, ஓடவிட்டுக் காத்திருந்து, ஒரு விசிறியை நகர்த்தி, மறுபடி ஓடவிட்டு. ஒரு கட்டடத்துக்கு மூன்று கிழமை எடுக்கும்.

இதே வேலையைப் பைத்தான் மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதித் தானாக ஓடச் செய்யலாம். ஆனால் தொகுதி எழுதப்பட்டது வேறொரு மொழியில். பைத்தானில் நான் சொல்வதை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சொல்ல நடுவில் ஓர் இணைப்பு வேண்டும். அதைத்தான் பைண்டிங்ஸ் என்பார்கள். அதை நிறுவுவதற்காகத்தான் என்னை எடுத்தார்கள்.

நேர்முகத்தில் சேர் ஒளிக்கவில்லை. “இதை இன்ஸ்டோல் பண்ணித் தாரும் பிள்ளை. கட்டட வேலையள் பாதியில நிண்டு இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமாத் தொடங்குது. ரெண்டு பேர் செய்யிற வேலைய இனி ஒராள்தான் செய்யோணும்” என்றார்.

அந்த ஒராள் யார் என்று நான் கேட்கவில்லை. ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் சேர வருகிறவள் அதைக் கேட்கமாட்டாள். பக்கத்து அறையில் விசைப்பலகைச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

ஆக, எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். பைண்டிங்ஸ் சரியாக வேலை செய்கிற நாளில் அவருடைய வேலை முடிகிறது.

அவர் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார். எட்டு மணிக்கு முன்பே வந்து ஜன்னலைத் திறக்காமல் முதலில் மின்விசிறியைப் போடுவார். வெள்ளிக்கிழமைகளில் கணினிகளின் மூடியைக் கழற்றி, உள்ளே உள்ள அட்டைகளின் செப்புப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் அழிக்கும் இறேசரால் தேய்த்துத் துடைப்பார். உப்புக்காற்றில் அவை பச்சை பூத்துவிடும். என்னுடைய கணினியையும் ஒவ்வொரு வெள்ளியும் துடைத்தார் என்பது எனக்கு ஏழாவது வாரத்தில்தான் தெரியும். அதுவும் நான் பிந்திப் போகவேண்டியிருந்ததால் கண்ணால் கண்டது.

ஒரு தடவை ஒரு கட்டட நிறுவனத்தின் பொறியியலாளர், சிங்களவர், வாசலில் வாகனத்தை நிறுத்தி இறங்காமலே “அய்யே, ரிப்போட் ரெடித?” என்று கேட்டார், அண்ணா, அறிக்கை தயாரா என்று. அவர் “ரெடி” என்றார். வந்தவர் சந்தோஷமாக “ஹரி, ஹரி”, சரி சரி, என்று போய்விட்டார். அறிக்கை தயார்தான். அதில் எழுதியிருந்தது, பொருத்திய விசிறிகள் போதாது, இன்னும் ஆறு வேண்டும் என்று. அந்த மனிதர் அன்றைக்கே தன் மேலிடத்துக்கு எல்லாம் சரி என்று அறிவித்துவிட்டார். அடுத்த நாள் தொலைபேசியில் சேர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

“ஐசே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்தானே” என்றார் சேர், களைத்துப்போய்.

“ரெடியா எண்டுதான் கேட்டவர் சேர்.”

“உமக்கு வாய் திறக்க விண்ணப்பம் போடோணுமோ?”

அவர் கொஞ்சம் யோசித்தார். அது கேள்வியா என்று பார்த்தார் போல. பிறகு “இல்ல சேர்” என்றார்.

அக்கவுண்ட்ஸ் மிஸ் குனிந்து கடித உறையை ஒட்டிக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்தார். மிஸ்ஸுக்கு இதற்கெல்லாம் ஒரு விளக்கம் இருந்தது. மதியம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது எனக்குச் சொன்னார்.

“உமக்குத் தெரியாது, சண்டைக் காலம், நீர் அப்ப சின்னப்பிள்ளை. கொட்டாஞ்சேனையில ஏறினா வெள்ளவத்த வாறதுக்குள்ள மூண்டு இடத்தில ஆமிக்காரர் இறக்கி ஐ.சி. அட்டை பாப்பாங்கள். எங்க போறாய் எண்டு கேட்டா வேலைக்கு எண்டு மட்டும் சொல்லோணும். என்ன வேலை, ஏன் பிந்தினனான் எண்டு நாங்களாச் சொல்லப்படாது. ஒண்டு கூடச் சொன்னா அதில இருந்து மூண்டு கேள்வி வரும். அதில பழகினதுதான். எங்கட ஆக்கள் கனபேர் அப்பிடித்தான். மற்றவங்களுக்கு அது விட்டுப் போச்சு, இவருக்கு ஒட்டிக்கொண்டுது.”

நல்ல விளக்கம். நான் நேரே அவரிடமே கேட்டேன்.

“இல்ல தங்கச்சி. சின்னனிலயும் நான் அப்பிடித்தான். அம்மா இதுக்காக அடிக்கிறவ” என்றார். பிறகு, நான் கேட்காதபடியால், சோற்றைச் சாப்பிட்டார்.

அவருக்கு ஏ.எல். படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்பதை மூன்று கேள்விகளில் தெரிந்துகொண்டேன். வேறு இடத்தில் எங்கும் வேலை தேடுகிறாரா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும். அதை நான் கேட்கவில்லை.

முதல் ஐந்து மாதம் கிட்டத்தட்ட, கையில் இருந்த அறிக்கைகளுக்கு உதவுவதிலும் அந்த நிரலை எழுதுவதிலும் போனது. நிறுவும் வேலையை நான் ஏழு படிகளாக எழுதி, இரண்டு நாள் என்று போட்டிருந்தேன். எனக்கு எதையும் எழுதிவைத்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போனால்தான் கை ஓடும். பைண்டிங்ஸை நிறுவ ஒரே ஒரு வரிக் கட்டளை போதும் என்று தொகுதியின் பக்கத்தில் எழுதியிருந்தது. அடித்தேன். ஒரு நிமிடத்தில் முடிந்தது. பைத்தானில் கூப்பிட்டுப் பார்த்தேன், பிழை எதுவும் காட்டவில்லை. அவர்கள் தந்திருந்த மாதிரிச் சோதனைகள் எல்லாம் தேறின. ஏழில் ஐந்தை முதல் நாள் மதியத்துக்கு முன்னரே வெட்டிவிட்டேன்.

ஆறாவது படி, அவர் ஏற்கெனவே கையால் செய்து முடித்த ஒரு கட்டடத்தை என் நிரலால் ஓட்டி, இரண்டும் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது. அவருடைய கணக்கில் புகை வெளியேற பத்தொன்பது நிமிடம். என்னுடையதில் பதினொன்று.

என் நிரலில்தான் பிழை என்று நினைத்தேன். வரி வரியாகப் பார்த்தேன். ஒரு வாரம் போனது. இடையிடையே திரும்பி அவரிடம் கேட்பேன். அந்தக் கேள்விகளைக் கொப்பியில் எழுதியும் வைத்தேன்.

கட்டங்கள் பிரித்த கோப்பு அதேதானா? ஓம். விசிறிகளின் பெறுமானம் அதேதானா? ஓம். தீயின் அளவு? அதேதான். தொகுதியின் வெர்ஷன்?

“அதே வெர்ஷன்தான்” என்றார், திரையில் இலக்கத்தைக் காட்டி. உண்மைதான். கடைசிப் புள்ளி வரை ஒன்றாக இருந்தது.

இரண்டாவது வாரம் சேர் பொறுமை இழந்தார். பதினொரு நிமிடம் அவருக்குப் பிடித்திருந்தது. கட்டுகிறவர்களுக்கு இன்னும் பிடிக்கும், விசிறிகளைக் குறைக்கலாம். “புதுசுதானே கூடச் சரியா இருக்கும்? வாற வெள்ளி அடுத்த பில்டிங்கை இதில ஓட்டி அனுப்புவம்” என்றார். பத்தொன்பது என்று கணக்கிட்டவரும் அந்த அறைக்குள்தான் இருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் ரயிலில் கல்கிசைக்குப் போகும் வழியில், வாசலருகே நின்றபடி, கேட்ட கேள்விகளை மறுபடி வாசித்தேன். எல்லாம் நாங்கள் தொகுதிக்குள் போடுகிறவற்றைப் பற்றிய கேள்விகள். தொகுதியைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் இருந்தது; அதுவும் இலக்கத்தைப் பற்றியது.

அடுத்த நாள் காலை பையைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். “அண்ணா, நீங்க ஓட்டுற அந்தத் தொகுதி, டவுன்லோட் பண்ணின மாதிரியே இருக்கா? ஏதும் மாத்தினனீங்களா?”

“மாத்தினனான்” என்றார்.

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். பத்து நிமிடம் நிறுத்தாமல் கதைத்தார். அதற்கு முன் அவர் அவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதில்லை. தொகுதியை எழுதியவர்கள் விசிறிக்கு முன்னால் வெட்டவெளி இருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறார்கள். “எங்கட பேஸ்மென்ட்ல கூரை பீம் பதிஞ்சு நிக்கும் தங்கச்சி. விசிறிக்கு முன்னால மூண்டடியில பீம். காத்து அதில முட்டிக் கீழ விழும். அங்க இருக்கிறவைக்கு அது தெரியாது.” பல வருடங்களுக்கு முன் இதே வெள்ளவத்தையில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், வாகனங்கள் குறைவாக நிற்கும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், கையில் காற்றுமானியோடு விசிறிகளுக்கு முன்னால் அடி அடியாக நடந்து அளந்திருக்கிறார். பிறகு மூலநிரலைத் திறந்து, விசிறியின் உந்துவிசையைக் கணக்கிடும் இடத்தில் ஐந்து வரிகளை மாற்றி, முழுவதையும் மறுபடி கம்பைல் செய்து, கணினி ஓட்டக்கூடிய வடிவில் கட்டியிருக்கிறார். வெர்ஷன் இலக்கத்தை மாற்றவில்லை. அது தன்னுடைய வேலை இல்லை என்று நினைத்தாராம்.

நான் ஒரு வரியில் நிறுவிய பைண்டிங்ஸோ, கூடவே தனக்கென்று ஒரு சுத்தமான தொகுதியைக் கொண்டுவந்திருந்தது. அவருடைய தொகுதி அதே கணினியில், பக்கத்து ஃபோல்டரில், தொடப்படாமல் கிடந்தது. நான் இரண்டு வாரமாக வேறு எதனோடோ கதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“ஏன் அண்ணா முதலே சொல்லேல்ல?”

“நீங்க கேக்கேல்ல.”

“பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்க? பதினொண்டு பிழை எண்டு தெரியும்தானே?”

“ஓம், தெரியும்.”

“நான் இண்டைக்கும் கேக்காட்டி? வெள்ளிக்கிழமை அது போயிருக்கும்.”

“சேர் என்னட்டச் சைன் வாங்குவார். சரியோ எண்டு கேப்பார். இல்ல எண்டு சொல்லியிருப்பன்.”

“கேக்காமச் சைன் மட்டும் வாங்கியிருந்தா?”

வெளியே ரயில் போனது, திரைகள் நடுங்கின. ரயில் போய் முடிந்த பிறகும் அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

“தெரியேல்ல தங்கச்சி” என்றார்.

அந்தப் பதில் எனக்கு நெடுநாள் உறுத்தியது. யாரும் சொல்லக்கூடிய ஒரு நல்ல பொய் அந்த இடத்தில் தயாராக இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

இனி பைண்டிங்ஸை அவருடைய தொகுதியோடு பொருத்தி மூலத்திலிருந்து கம்பைல் செய்யவேண்டும். நான் புதிய பட்டியல் எழுதினேன். இந்தமுறை படிகளை விடக் கேள்விகள்தான் அதிகம். எந்தக் கம்பைலரால் கட்டினீர்கள்? பழையது ஒன்று, அவர் அதை அழிக்காமல் வைத்திருந்தார். தலைப்புக் கோப்புகள் எங்கே? கட்டிய ஃபோல்டர் இன்னும் இருக்கிறதா? இருந்தது. எந்தத் தெரிவுகளைப் போட்டீர்கள்? லாச்சியிலிருந்து ஒரு பழைய நாட்குறிப்பை எடுத்து, பென்சிலில் எழுதிய கட்டளையைக் காட்டினார். அவருடைய எழுத்து சின்னது, நேரானது. நான் அதைப் படம் எடுத்துக்கொண்டேன்.

கம்பைல் தொண்ணூற்று நான்கு வீதத்தில் செத்தது. மறுபடி ஓடவிட்டேன், அதே இடத்தில் செத்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் கேட்டேன், இது நினைவகம் போதாமல் நிற்கிறதா என்று.

“ஓம்.”

“என்ன செய்யலாம்?”

“ஒரே நேரத்தில எட்டு வேலையா ஓடவிட்டிருக்கிறீங்க. ரெண்டா ஓடவிடுங்கோ. மெதுவாத்தான் போகும், ஆனா போகும். பிரவுசரை மூடுங்கோ. கடைசியில ஒரு பெரிய ஃபைல் இருக்கு, அதில இருபது நிமிஷம் அசையாம நிக்கும். நிண்டிட்டுது எண்டு நினைச்சு நிப்பாட்டிப் போடாதேங்கோ.”

அந்த நான்கு நாட்களை இப்போது நினைத்தாலும் களைப்பாக இருக்கிறது. வேலை கஷ்டமானது என்பதால் வந்த களைப்பு இல்லை. நான் கேட்கிறேன், அவர் சொல்கிறார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் அவர் அந்தக் கதிரையில் இருப்பதற்கான காரணம் ஒன்றை எடுத்து என் கொப்பியில் வைத்தது. ஒரே ஒரு தடவை ஒரே ஒரு பதிலை அவர் மாற்றிச் சொல்லியிருந்தால், நான் இன்னும் இரண்டு மாதம் தேடியிருப்பேன். அவர் மாற்றிச் சொல்லவில்லை. நான் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

அக்கவுண்ட்ஸ் மிஸ் ஒரு நாள் கிணற்றடியில் என்னை மறித்தார். “ஒருக்கா அவரிட்டக் கேளும் பிள்ளை, இது முடிஞ்சா என்ன செய்யப்போறீங்க எண்டு. நீர் கேட்டாச் சொல்லுவார்.”

“நீங்க கேளுங்கோவன் மிஸ்.”

“எனக்கு ஏலாது” என்றார். இருவரும் அவரவர் மேசைக்குப் போனோம்.

வியாழக்கிழமை பின்னேரம் அது முடிந்தது. கடைசிப் பெரிய கோப்பில் இருபது நிமிடம் அசையாமல் நின்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தேன். பிறகு அது தாண்டிப் போய் நூறைத் தொட்டது. பைத்தானில் கூப்பிட்டேன். அதே கட்டடத்தை ஒரு தடவை ஓட்டினேன். பத்தொன்பது நிமிடம். விசிறிகளை நகர்த்தி நகர்த்தி அவர் மூன்று கிழமை ஓட்டுவதை என் நிரல் ஒன்றரை நாளில் ஓட்டி முடிக்கும்.

“வந்திட்டுதா?” என்று கேட்டார்.

“வந்திட்டுது அண்ணா.”

எழுந்து வந்து, என் பின்னால் நின்று, புகை மெல்ல மெல்ல வடக்கு வாசலால் வெளியேறுவதை முழுதாகப் பார்த்தார். ஓர் இடத்தில் புகை பீமுக்குப் பின்னால் தேங்கிச் சுழன்றது. அதை விரலால் காட்டினார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சேர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கதவு வழக்கம்போல முக்கால்வாசிதான் சாத்தியது. என் தகுதிகாண் காலம் முடிய இரண்டு வாரம் இருந்தது. என் நியமனத்துக்கான கோப்பு அவர் மேசையில் இருந்தது.

“சரி பிள்ளை. இனி அவர் இல்லாம நீர் தனிய ஓட்டுவீரா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் ஒன்று இருந்தது. மனதுக்குள் அதற்கும் நான்கு இலக்கமிட்ட வரிகள் இருந்தன. ஐந்து வரியை மாற்றியது அவர். ஏன் மாற்றினார் என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். அடுத்த கட்டடத்தில் பீம் வேறு மாதிரி இருந்தால் யார் காற்றுமானியோடு போய் நிற்பது? என் கணக்குப் பிழைத்தால் பத்தொன்பதும் பதினொன்றும் வேறு என்று சொல்ல இங்கே யார் இருப்பார்கள்? வாரத்தில் மூன்று நாளாவது அவர் வரட்டும். இவை எல்லாம் உண்மை. சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

ஆனால் சேர் கேட்டது, தனியாக ஓட்டுவேனா என்று மட்டும்.

“ஓம் சேர்” என்றேன்.

பக்கத்து அறையில் இறேசரால் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை.

மாத முடிவில் அவருக்குப் பிரியாவிடை வைத்தோம். காலி வீதிக் கடையொன்றிலிருந்து ரோல்ஸும் பற்றிஸும் கேக்கும் வந்தன. சேர் நான்கு வசனம் நன்றாகத்தான் கதைத்தார். பத்து வருடத்தில் ஒரு அறிக்கைகூடத் திரும்பி வந்ததில்லை என்றார். பிறகு கொஞ்ச நேரம் கடதாசிக் கோப்பைகளின் சத்தம் மட்டும். அந்த மௌனம் தாங்காமல் அக்கவுண்ட்ஸ் மிஸ், எல்லோரும் எல்லோரையும் கேட்பது போலச் சிரித்துக்கொண்டு, “பிறகு? அடுத்தது எங்க?” என்று கேட்டுவிட்டார்.

“இன்னும் ஒண்டும் இல்ல மிஸ்” என்றார் அவர். “ஆறு இடத்துக்கு எழுதினனான். ரெண்டு இடத்தில வயசு கூட எண்டிட்டினம். மற்ற இடத்தில இருந்து பதில் வரேல்ல. வீட்டில சொல்லேல்ல.”

கேள்வி சரியாக அமைந்துவிட்டது. பதில் முழுதாக வந்தது. சேர் கேக்கைப் பார்த்தார். அக்கவுண்ட்ஸ் மிஸ் “கடவுளே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அவருடைய தட்டில் இன்னொரு பற்றிஸ் வைத்தார். அவர் அதைச் சாப்பிட்டார். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். என் நியமனக் கடிதம் முந்திய நாள் வந்திருந்தது.

போகும்போது, நான் கேட்காமலே அந்த நாட்குறிப்பை என்னிடம் தருவாரோ என்று எதிர்பார்த்தேன். தரவில்லை. “அண்ணா, அந்தக் கொப்பியை நான் வச்சிருக்கட்டா?” என்றேன். “ஓம்” என்று எடுத்துத் தந்தார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் நான் தனியாக ஓட்டினேன். பெரும்பாலும் சரியாகவே போனது. ஒரு நாள் கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்துவிட்டு, இடம் போதாமல் பழைய ஃபோல்டர்கள் சிலதையும் அழித்தேன். அடுத்த நாள் காலை பைண்டிங்ஸ் ஏறவில்லை. ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்று ஒரே வரியில் பிழை காட்டியது. சனிக்கிழமைக்குள் ஒரு அறிக்கை போகவேண்டும். மதியம் வரை தேடிவிட்டு, என் கொப்பியில் ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு அவருடைய இலக்கத்துக்கு அழைப்பு எடுத்தேன்.

இரண்டாவது மணியில் எடுத்தார். “சொல்லுங்கோ தங்கச்சி.”

எப்படி இருக்கிறீர்கள் என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் பிழை வரியை வாசித்தேன்.

“பழைய பில்ட் ஃபோல்டரை அழிச்சிருக்கிறீங்க.”

“ஓம்.”

“அதுக்குள்ள இருந்த ஃபைலைத்தான் அது தேடுது. என்ர கொப்பியில பதினொராம் பக்கம் பாருங்கோ. அந்தக் கட்டளைய அப்பிடியே அடிச்சுத் திருப்பிக் கட்டுங்கோ, அதே பேரில, அதே இடத்தில. பைண்டிங்ஸைத் தொடத் தேவையில்ல.”

அவர் சொல்லும்போது பின்னால் சத்தமாக இருந்தது. லொறி ஒன்று பின்னுக்கு வரும் ஒலி, மூட்டையோ பெட்டியோ தரையில் விழும் ஒலி. யாரோ ஒருவர் தூரத்திலிருந்து, “மல்லி, மேக்க கன்ன” என்று கத்தினார், இந்தப் பெட்டியைத் தூக்கு என்று. அவர் வாயைப் போனிலிருந்து எடுத்து, “எனவா, எனவா” என்றார். வருகிறேன் என்று. கத்தியவனின் குரல் இளைஞனுடையது. அவரை மல்லி, தம்பி, என்று கூப்பிட்டான்.

மற்ற நான்கு கேள்விகளையும் கேட்டேன். நான்குக்கும் பதில் சொன்னார், அவசரப்படாமல், ஒன்றையும் விடாமல். ஒவ்வொன்றாக வெட்டினேன். கொப்பியில் ஐந்தும் வெட்டப்பட்டிருந்தன.

அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது. லொறி நின்றுவிட்டது.

“வேற ஏதும் கேக்க இருக்கா தங்கச்சி?” என்றார்.

அவர் என்னிடம் தானாக எதையாவது கேட்டது, அன்றைய “வந்திட்டுதா?”வோடு சேர்த்து, அதுதான் இரண்டாவது தடவை. நான் கேட்டால் சொல்வார். எங்கே நிற்கிறார், என்ன வேலை, வீட்டில் எப்போது சொன்னார், மகள் படிக்கிறாளா, அன்றைக்கு என் “ஓம் சேர்” அவருக்குக் கேட்டதா, எல்லாவற்றையும் உள்ளபடி, ஒரு சொல்லைக்கூடக் குறைக்காமல் சொல்வார்.

“இல்ல அண்ணா” என்றேன். “அவ்வளவுதான்.”